கத்திரியிலும் ஓடுமா? ஓவர்கிளாக் செய்த கிராபிக்ஸ் கார்டைச் சோதிப்பது பற்றி

கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்வது இன்று ஐந்து நிமிட வேலை. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற ஒரு மென்பொருளைத் திறந்து, கோர் கிளாக்கை 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, மெமரி கிளாக்கை இன்னும் கொஞ்சம் தாராளமாக ஏற்றி, சரி என்று அழுத்தினால் முடிந்தது. கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஏற்றிய வேகத்தில் அந்தக் கார்டு நிலையாக ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விக்குப் பல விடைகள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை குளிர்ந்த நாடுகளின் குளிர்ந்த அறைகளில் சொல்லப்பட்டவை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் அவை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலைத்தன்மை கார்டின் குணம் மட்டும் இல்லை. கார்டு, அது உட்கார்ந்திருக்கும் கேபினெட், அறை, வீட்டுக்கு வரும் கரன்ட், மாதம், செய்யும் வேலை இத்தனையும் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம் அது. அறையின் வெப்பத்தைக் குறிக்காமலும், வெளிவந்த விடை சரிதானா என்று பார்க்காமலும் ‘ஸ்டேபிள்’ என்று முத்திரை குத்துவதை நான் ஏற்பதில்லை.

ஒரு சிப்புக்குள் நடப்பது ஓட்டப் பந்தயம். ஒரு கடிகாரத் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் சிக்னல் தன் வழியைக் கடந்து போய்ச் சேர்ந்தாக வேண்டும். 2,000 மெகாஹெர்ட்ஸில் அதற்குக் கிடைப்பது அரை நானோ விநாடி. வேகத்தை ஏற்றினால் அந்த நேரம் சுருங்கும். சேராத சிக்னல் தவறான விடையாக மாறும். வோல்டேஜை உயர்த்தினால் டிரான்சிஸ்டர்கள் வேகமாக மாறும், சிக்னல் நேரத்துக்குள் சேரும். ஆனால் செலவாகும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். வோல்டேஜைப் பத்து சதவீதமும் வேகத்தை ஐந்து சதவீதமும் கூட்டினால் சக்திச் செலவு ஏறக்குறைய 27 சதவீதம் கூடுகிறது. அவ்வளவும் வெப்பமாக வெளியே வர வேண்டும். வெப்பம் கூடினால் கசிவு மின்னோட்டம் கூடும், கசிவு கூடினால் வெப்பம் மேலும் கூடும். தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு சிப்பிலும் கொஞ்சம் இடைவெளி விட்டே வேகத்தை நிர்ணயிக்கிறார்கள். வெயில், தூசி, ஐந்து வருடத் தேய்மானம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் ஒதுக்கிய சேமிப்பு அது. ஓவர்கிளாக் செய்கிறவர் எடுத்துச் செலவழிப்பது அந்தச் சேமிப்பைத்தான். சோதனை என்பது அதில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் வழி.

மிச்சம் தீர்ந்துபோனால் அது வெளியே தெரியும் விதங்கள் பல. எல்லோருக்கும் தெரிந்தது ஹேங்: படம் உறைந்து நிற்கும், ரீஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். அடுத்தது திரை ஒரு நொடி கறுத்து மீண்டும் வருவது. விண்டோஸ் விஸ்டா காலத்தில் இருந்தே உள்ள ஏற்பாடு அது. கார்டு இரண்டு விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுபடி கிளப்பிவிடும். ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகியிருக்கும். விளையாட்டு முடிந்ததும் அந்தப் பதிவுகளைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால் ‘நேற்று நன்றாகத்தான் ஓடியது’ என்று சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, திரையில் புள்ளி புள்ளியாகவும் கோடு கோடாகவும் வரும் சிதறல்கள். நான்காவதுதான் ஆபத்தானது. எதுவும் கறுக்காது, எதுவும் நிற்காது, ஒரு எண் மட்டும் தவறாக இருக்கும். அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் ஆய்வுக்கணக்கு செய்யும் அடையாறுக்கும் சினிமா வேலை நடக்கும் தியாகராய நகருக்கும் அதுதான் முக்கியம்.

சோதனை முறைகளில் பேர் பெற்றது ஃபர்மார்க். ரோமம் அடர்ந்த ஒரு வளையம் திரையில் சுழலும். அதை வரைய கார்டு தன் முழு பலத்தையும் கொட்டும். 2007இல் வந்த இந்தச் சோதனை இன்றுவரை ரிச்சி தெருக் கம்ப்யூட்டர் கடைகளின் முதல் கருவி. கார்டை மேஜைமேல் திறந்தபடி மாட்டி, ஃபர்மார்க்கைச் சில நிமிடம் ஓட்டி, ‘பாருங்க சார், பக்காவா ஓடுது’ என்பார்கள். பொய் சொல்லவில்லை. மேலே மின்விசிறி சுற்ற, கேபினெட் இல்லாமல், காற்று நாலாபக்கமும் வந்துபோகும் மேஜையில் அது உண்மையாகவே பக்காவாக ஓடுகிறது. அதே கார்டு வீட்டுக்குப் போய்க் கண்ணாடிக் கதவு போட்ட கேபினெட்டுக்குள், சுவரை ஒட்டிய மேஜைக்குக் கீழே நுழையும்போது நிலைமை வேறு.

ஃபர்மார்க்மேல் எனக்குள்ள குறை அதுவல்ல. அது தரும் சுமை உண்மையான எந்த வேலையும் தராத சுமை. அதனாலேயே தயாரிப்பாளர்கள் அதை ஒரு தாக்குதலாகவே பார்த்தார்கள். ஏ.எம்.டி. தன் டிரைவரிலேயே அந்த நிரலை அடையாளம் கண்டு வேகத்தை மட்டுப்படுத்தியது. 2010 நவம்பரில் வந்த என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 580இல், கார்டு இழுக்கும் மின்சாரத்தைக் கண்காணித்து ஃபர்மார்க்கையும் ஓ.சி.சி.டி. என்ற இன்னொரு சோதனை நிரலையும் அடக்கும் சுற்று ஒன்றைப் போர்டிலேயே வைத்தார்கள். இன்றைய கார்டுகள் எல்லாவற்றிலும் பவர் லிமிட் உண்டு. ஃபர்மார்க்கை ஓட்டினால் கார்டு உடனே அந்த எல்லையில் மோதும். மோதியதும் தன் வேகத்தைத் தானே இறக்கிக்கொள்ளும். 2,000 மெகாஹெர்ட்ஸ் ஓடுமா என்று சோதிக்க நினைத்தவர், கார்டு 1,600இல் ஓடியதைப் பார்த்துவிட்டுத் தேறிவிட்டது என்று முடிவு செய்கிறார். கேள்வி கேட்கப்படவே இல்லை. கூலரும், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் தாக்குப்பிடிக்குமா என்று பார்க்க ஃபர்மார்க் நல்ல கருவி. கிளாக் நிலையாக இருக்குமா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

வேகம் இப்படித் தானே இறங்குவதற்குக் காரணம் 2012இல் ஜி.டி.எக்ஸ். 680 கார்டோடு வந்த பூஸ்ட் முறை. அதற்கு முன்பு கார்டுக்கு ஒரு வேகம். அதை மாற்றினால் இன்னொரு வேகம். பூஸ்ட் வந்த பிறகு கார்டு தன் வெப்பத்தையும் மின்சாரத்தையும் பார்த்துத் தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிறது, 13 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறு படிகளில். குளிர்ந்திருந்தால் ஒன்றிரண்டு படி மேலே, சூடானால் கீழே. நீங்கள் வைக்கும் +100 என்பது ஒரு வேகம் இல்லை. முழு வோல்டேஜ்–வேக வளைவையும் அப்படியே மேலே தூக்குவது. அந்த வளைவின் ஒவ்வொரு புள்ளியும் தேற வேண்டும். உச்சிப் புள்ளியை எட்டுவது எப்போது? சுமை குறைவாக, கார்டு குளிர்ச்சியாக இருக்கும்போது. கனமான விளையாட்டில் இரண்டு மணி நேரம் தாங்கிய கார்டு, ஒரு பழைய விளையாட்டைத் திறந்ததும் அல்லது மெனுத் திரையில் காத்திருக்கும்போது விழுவதற்குக் காரணம் இதுதான். ‘லேசான கேம்லதான் ஹேங் ஆகுது, ஹெவி கேம்ல ஒண்ணும் இல்ல’ என்று குழம்பி வருகிறவர்களிடம் நான் சொல்லும் முதல் விஷயமும் இதுதான்: சுமை கூடிய சோதனைதான் கடினமான சோதனை என்று எண்ண வேண்டாம்.

மெனுத் திரைகளின் ஆபத்துக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வெளியானபோது அதன் மெனுக் காட்சிகளில் ஃபிரேம் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லாமல் கார்டுகள் அளவுக்கு மீறிச் சூடாயின. வரம்பு வைக்கும் வழியை பிளிசார்ட் நிறுவனமே சொல்லிக்கொடுத்தது. 2021 ஜூலையில் அமேசானின் நியூ வேர்ல்டு விளையாட்டின் சோதனைப் பதிப்பு ஓடியபோது சில ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுகள் நிரந்தரமாகவே செத்தன. அவற்றைத் தயாரித்த ஈ.வி.ஜி.ஏ., பற்றவைப்பில் இருந்த குறையைக் காரணமாகச் சொல்லி மாற்றுக் கார்டுகள் கொடுத்தது. அமேசான் மெனுவில் ஃபிரேம் வரம்பு வைத்தது.

தொழிற்சாலையில் இருந்து வந்த வேகமே நிலையில்லாமல் போனதும் உண்டு. 2020 செப்டம்பரில் ஆர்.டி.எக்ஸ். 3080 வெளியான சில நாட்களில், தொழிற்சாலையிலேயே ஓவர்கிளாக் செய்யப்பட்ட பல கார்டுகள் விளையாட்டின் நடுவே விழுந்தன. பூஸ்ட் 2,000 மெகாஹெர்ட்ஸைத் தாண்டும் தருணங்களில்தான் பெரும்பாலும் அது நடந்தது. சிப்பின் பின்பக்கம் வைத்த கெபாசிட்டர்களின் வகைபற்றி விவாதம் எழுந்தது. ஒரு குறிப்பிட்ட அமைப்பு தங்கள் சோதனையில் தேறவில்லை என்பதால் அதை மாற்றிய பிறகே கார்டுகளை அனுப்பியதாக ஈ.வி.ஜி.ஏ. அறிவித்தது. மாத முடிவில் என்விடியா புதிய டிரைவர் ஒன்றை வெளியிட்டு நிலைமையைச் சரிசெய்தது. உலகின் பெரிய நிறுவனங்கள் சோதனைக்கூடம் வைத்துத் தேற்றி அனுப்பிய கார்டுகளின் கதி இது. வீட்டில் அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சோதனை முறைகளில் ஃபர்மார்க்குக்கு அடுத்த, இரண்டாவது பள்ளி, விளையாட்டைப் போன்ற காட்சிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது. யூனிஜின் நிறுவனத்தின் ஹெவன், சூப்பர்பொசிஷன், 3டி மார்க்கின் டைம் ஸ்பை ஆகியவை அந்த வகை. 3டி மார்க்கின் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, மிக மெதுவான சுற்றின் வேகம் மிக வேகமான சுற்றின் வேகத்தில் 97 சதவீதமாவது இருந்தால் தேர்ச்சி என்கிறது. நல்ல அளவுகோல். ஆனால் அது அளப்பது வேகம் குறைகிறதா என்பதை. வரைந்த படம் சரியா என்பதை அது கேட்பதில்லை.

அதைக் கேட்டவர்கள் மூன்றாவது பள்ளிக்காரர்கள். 2000களின் நடுவில் பிரபலமாக இருந்த ஏ.டி.ஐ. டூல் என்ற சிறு நிரல், ரோமம் வைத்த ஒரு கனசதுரத்தைச் சுழற்றி, படத்தில் தவறான புள்ளிகள் எத்தனை என்று எண்ணிச் சொன்னது. அந்த வேலையை இன்று நன்றாகச் செய்வது ஓ.சி.சி.டி. வரைந்த படத்தைச் சரிபார்த்துப் பிழைகளை எண்ணுகிறது, மெமரிக்குத் தனிச் சோதனையும் வைத்திருக்கிறது. என் அபிப்பிராயத்தில் வீட்டுச் சோதனையில் முதல் இடம் இதற்குத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி பிசகினாலும் அது ஒரு பிழை என்று எண்ணிவிடும்.

மெமரி பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. ஜி.டி.டி.ஆர்.5 முதல் இந்தக் கார்டு மெமரிகளில் தரவு போகும் பாதையில் பிழை கண்டுபிடிக்கும் ஏற்பாடு உண்டு. பிழை வந்தால் அதே தரவு மறுபடி அனுப்பப்படும். அதனால் அளவுக்கு மீறி ஏற்றிய மெமரி உடனே விழாது. சத்தமில்லாமல் மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே, ஏற்றியதால் கிடைத்த லாபத்தையும் தின்றுவிடும். மெமரியைப் படிப்படியாக ஏற்றும்போது ஒவ்வொரு படியிலும் மதிப்பெண்ணை எழுதிவைத்தால் இது பிடிபடும்: ஏறிக்கொண்டே வந்த மதிப்பெண் ஓர் இடத்தில் நின்று இறங்கத் தொடங்கும். விழாமல் ஓடுகிறதே என்று அதற்கு மேலும் ஏற்றுவதில் பொருள் இல்லை. அந்த இடத்துக்கு இரண்டு படி கீழே நின்றுவிட வேண்டும்.

இனிச் சென்னைக்கு வருவோம். மார்கழி விடியலில் ஊரின் வெப்பம் 21, 22 டிகிரிவரை இறங்கும். மே மாதம் 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கும் அக்னி நட்சத்திரத்தில் பகல் வெப்பம் 38, 40 என்று நிற்கும். 2003 மே இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. ஏ.சி. இல்லாத மொட்டை மாடி அறையில் மார்கழிக்கும் கத்திரிக்கும் 15 டிகிரி வித்தியாசம் சர்வ சாதாரணம். காற்றால் குளிரும் கார்டில் அந்த 15 டிகிரி ஏறக்குறைய அப்படியே சிப்பின் வெப்பத்தில் வந்து சேரும். ஜனவரியில் 68இல் நின்ற கார்டு மே மாதத்தில் 83ஐத் தொடும். பல என்விடியா கார்டுகள் 83 டிகிரியை இலக்காக வைத்து அதற்கு மேல் போகாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், கார்டு எரிந்துபோகாது. ஆனால் ஜனவரியில் தேறிய அதே வேகத்தை மே மாதத்தில் அதே வோல்டேஜில் கேட்டால், சூடேறிய டிரான்சிஸ்டர்களில் சிக்னல் நேரத்துக்குள் சேராமல் போகலாம். மெமரி நிலைமை இன்னும் மோசம்: ஜி.டி.டி.ஆர்.6எக்ஸ் மெமரி வைத்த 3080, 3090 கார்டுகளில் மெமரி 110 டிகிரியை எட்டி வேகம் குறைந்ததைப் பலரும் அளந்திருக்கிறார்கள், சென்னையைவிடக் குளிர்ந்த ஊர்களிலேயே.

குளிர்காலத்துக்கும் தனிக் கண்டம் உண்டு. மார்கழியில் கார்டு குளிர்ந்திருப்பதால் பூஸ்ட் ஒன்றிரண்டு படி மேலே ஏறும். கோடைகாலத்தில் அது தொடாத உச்சிப் புள்ளியை அப்போது தொடும். ஆக ஒரே கார்டு கத்திரியில் சூட்டால் விழலாம், மார்கழியில் வேகத்தால் விழலாம். இரண்டு பருவத்திலும் சோதிக்காமல் சென்னையில் ஓர் ஓவர்கிளாக்கை முடிந்தது என்று சொல்ல முடியாது. மே மாதம்வரை காத்திருக்க முடியாதவர், ஏ.சி.யை அணைத்து ஜன்னலைச் சாத்தி அறையைச் சூடாக்கிச் சோதிக்கலாம். 300 வாட் இழுக்கும் கார்டும் 150 வாட் மற்ற பாகங்களுமாக அந்தக் கம்ப்யூட்டரே ஒரு ரூம் ஹீட்டர். ஒரு டன் ஏ.சி.யின் மொத்தத் திறனில் எட்டில் ஒரு பங்கை அது ஒன்றே விழுங்கும்.

வெயில் வீட்டுக்காரர்களின் பிரச்சினை மட்டும் என்று எண்ண வேண்டாம். 2024இல் மெட்டா நிறுவனம் தன் லாமா 3 மாதிரியைப் பயிற்றுவித்த அனுபவத்தை வெளியிட்டது. 16,384 எச்100 கார்டுகள், 54 நாட்கள், எதிர்பாராமல் நின்றது 419 முறை. அதில் 148 முறை கார்டே பழுது, 72 முறை கார்டின் மெமரி. அதே அறிக்கையில் ஒரு வரி: நண்பகல் வெப்பத்தால் அந்த மொத்தக் கூட்டத்தின் வேகமும் நாளுக்குள் ஒன்று முதல் இரண்டு சதவீதம் ஏறி இறங்கியது. கோடிக்கணக்கில் செலவழித்துக் குளிரூட்டிய கூடத்திலேயே மதிய வெயில் அளவீட்டில் தெரிகிறது என்றால், மந்தைவெளி மூன்றாவது மாடியில் தெரியாமல் இருக்குமா?

கரன்ட் இன்னொரு அத்தியாயம். கார்டின்மேல் பழி விழும் பல கேஸ்களில் குற்றவாளி யு.பி.எஸ். சென்னை வீடுகளில் பரவலாக உள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்கக்கூடியது 360 வாட். சாதாரண ஆஃபீஸ் கம்ப்யூட்டருக்கு அது தாராளம். 300 வாட் கார்டு போட்ட கம்ப்யூட்டரை அதில் செருகினால், கரன்ட் போகும் நொடியில் அதிகச் சுமையால் யு.பி.எஸ். கைவிட்டுவிடும். உரிமையாளர் அதைக் கார்டு விழுந்ததாக எழுதிக்கொள்வார். கரன்ட் இருக்கும்போதும் பிரச்சினை வரும்: நவீன கார்டுகள் நுண்விநாடிகளுக்குத் தங்கள் அளவைப்போல் இருமடங்குவரை மின்சாரம் இழுக்கும். அதனால்தான் 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதி, எஸ்.எம்.பி.எஸ். 100 மைக்ரோ விநாடிக்கு 200 சதவீதச் சுமையைத் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. மலிவான எஸ்.எம்.பி.எஸ். அந்தத் துள்ளலில் அணைந்துவிடும். விளையாட்டின் நடுவே கம்ப்யூட்டர் முழுவதுமாக அணைந்து மறுபடி எழுந்தால் முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல்; படம் மட்டும் உறைந்தால்தான் கார்டின் கிளாக் மேல்.

கடலோரத்துக்கு உப்புக்காற்று. பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் ஏ.சி. காயில்களை அரிக்கும் அதே காற்று ஸ்லாட்டின் தொடர்புகளிலும் படிகிறது. கார்டைக் கழற்றித் தங்கப் பூச்சுள்ள முனையை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி மாட்டினால் சரியாகிவிடும் கோளாறுகள் நிறைய. ஓவர்கிளாக்கைக் குறை சொல்வதற்கு முன் அதைச் செய்ய வேண்டும்.

இனி அந்த நான்காவது பிழை, சத்தமில்லாத பிழை. 2010இல் ஸ்டான்ஃபோர்டின் இம்ரான் ஹக்கும் விஜய் பாண்டேவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புரதங்களின் மடிப்பைக் கணக்கிடும் ஃபோல்டிங் அட் ஹோம் வலைப்பின்னலில் சேர்ந்திருந்த இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில், தாங்கள் எழுதிய மெம்டெஸ்ட் ஜி80 என்ற மெமரிச் சோதனையை ஓட்டினார்கள். ஆய்வுக்கூடத்தின் கட்டுப்பாடான சூழலில் ஓட்டியபோது பிழை எதுவும் இல்லை. மக்களின் வீடுகளில் ஓட்டியபோது மூன்றில் இரண்டு பங்கு கார்டுகளில் பிழை வந்தது. ஓவர்கிளாக்கையும் வெப்பத்தையும் கணக்கில் கழித்த பிறகும் பிழைகள் மிஞ்சின. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கிய முடிவு இது. ஓவர்கிளாக் செய்யாத கார்டிலேயே இப்படி என்றால், சேமிப்பைச் செலவழித்த கார்டின்மேல் எவ்வளவு நம்பிக்கை வைப்பது?

2021இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமான உதாரணம் தருகிறது. ஒரு கம்ப்யூட்டரில் சில கோப்புகள் மாயமாயின. தேடிக்கொண்டே போனபோது பிராசஸரின் 59ஆவது கோரில் வந்து நின்றார்கள். 1.1ஐ 53 முறை பெருக்கினால் முழு எண்ணாக 156 வர வேண்டும். அந்தக் கோர் சுழியம் என்றது. மற்ற எண்களுக்கெல்லாம் பெரும்பாலும் சரியாகச் சொன்னது. கோப்பின் அளவு சுழியம் என்று விடை வந்ததால், மென்பொருள் அந்தக் கோப்பை வெறுமையானது என்று தள்ளிவிட்டது. எந்தத் தீச்சோதனையும் பிடிக்க முடியாத பிழை இது. சூடாகவில்லை, விழவில்லை, மெதுவாகவும் ஓடவில்லை.

இதன் எதிர்ப்பக்கம், சரியாகச் செய்த ஒரு சோதனையின் கதை நம் ஊரிலேயே இருக்கிறது. அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் ஏகாம்ர நிவாஸ் வீட்டில் நடத்திவந்த இயற்பியல் கருத்தரங்கில் இருந்து முளைத்து, 1962இல் தொடங்கப்பட்டது கணித அறிவியல் நிறுவனம். அடையாறைத் தாண்டித் தரமணியில் இருக்கும் அந்த நிறுவனத்தில் 2004இல் என்.டி. ஹரிதாஸ் குழுவினர் கப்ரு என்ற கம்ப்யூட்டர் கூட்டத்தை நிறுவினார்கள்: 144 கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜியான் பிராசஸர்கள் இரண்டு. விநாடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு என்ற எல்லையை அது தொட்டது. அந்த வேகத்தை அளந்த லின்பேக் சோதனையில் ஓர் அழகு உண்டு. பெரிய சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்க்கச் சொல்லும். தீர்த்த விடையை மறுபடி சமன்பாட்டில் போட்டுப் பார்த்து, மிச்சம் எவ்வளவு என்று கணக்கிடும். மிச்சம் வரம்புக்குள் இருந்தால்தான் தேர்ச்சி என்று அச்சிடும். வேகத்தையும் விடையையும் ஒரே சோதனையில் கேட்டுவிடும். வாரக்கணக்கில் ஓடும் அணுத்துகள் கணக்கில் மூன்றாம் நாள் நேர்ந்த ஒரு பிழை கடைசிவரை பரவும் என்பதால், இயற்பியலாளர்களுக்கு வேறு வழி இல்லை. அது கிராபிக்ஸ் கார்டு இல்லை, ஓவர்கிளாக்கும் இல்லை. ஆனால் கார்டைச் சோதிக்கிறவர் கடன் வாங்க வேண்டிய ஒழுக்கம் அங்கேதான் இருக்கிறது.

அது சினிமாக்காரர்களுக்கும் பொருந்தும். தியாகராய நகரில் இருந்து வடபழனிவரை எடிட்டிங், கலர், கிராபிக்ஸ் வேலைகள் இன்று கார்டுகளின்மேல்தான் நடக்கின்றன. இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 ஃபிரேம்கள். அதில் ஒரு ஃபிரேமில் ஒரு மூலையில் பச்சைக் கட்டம் ஒன்று விழுந்தால் அது திரையில் நிற்பது விநாடியில் 24இல் ஒரு பங்கு நேரம். எடிட்டரின் கண் தப்பலாம். தியேட்டரின் பெரிய திரையில் யாரோ ஒருவருக்கு அது உறுத்தும். கார்டில் ரெண்டர் செய்யும்போது இயல்பாகவே வரும் வெள்ளைப் பொட்டுகளும் உண்டு. அவற்றையும் கார்டின் பிழையையும் பிரித்தறிவது சிரமம். இதற்கு ஒரே கைகண்ட வழி, ஒரே ஃபிரேமை ஒரே விதையெண்ணோடு இரண்டு முறை, ஒருமுறை ஓவர்கிளாக்கோடும் ஒருமுறை இயல்பான வேகத்திலும் ரெண்டர் செய்து, ஒன்றில் இருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பது. வித்தியாசம் முழுக் கறுப்பாக வர வேண்டும். பொட்டு ஒன்று ஒளிர்ந்தால் எந்த வேகத்தில் பிழை என்று தெரிந்துவிடும். சில மென்பொருள்கள் கடைசி இலக்கங்களில் இயல்பாகவே லேசாக மாறும் என்பதால், முதலில் இயல்பான வேகத்திலேயே இரண்டு முறை எடுத்து எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சம்பாதித்துக் கொடுக்கும் கம்ப்யூட்டரில் ஓவர்கிளாக் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஐந்து சதவீத வேகம் என்றால் பத்து மணி நேர ரெண்டரில் அரைமணி நேரம். ஒரே ஒரு முறை ரெண்டர் நடுவில் நின்றாலோ, ஒரு ஷாட் திரும்பி வந்தாலோ மாதம் முழுதும் சேர்த்த அரைமணிகள் போய்விடும். ஆய்வுக்கணக்கு செய்கிறவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். முடிந்தால் பிழை திருத்தும் மெமரி உள்ள கார்டையே வாங்க வேண்டும்; 3090 டி.ஐ., 4090 போன்ற சிலவற்றில் அந்த வசதியை கண்ட்ரோல் பேனலிலேயே இயக்கிக்கொள்ளலாம். கொஞ்சம் மெமரியும் கொஞ்சம் வேகமும் போகும், போகட்டும்.

விளையாடுகிறவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு ஒரு புள்ளி பிசகினால் உலகம் கவிழாது. தன் கையில் உள்ள பொருளின் எல்லையைத் தெரிந்துகொள்ளும் ஆனந்தம் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்லும் முறை இது. முதலில் எதையும் ஏற்றாமல், கேபினெட்டை மூடி, இயல்பான வேகத்தில் ஓ.சி.சி.டி.யில் ஒரு மணி நேரம். அதிலேயே பிழை வந்தால் கார்டு வாங்கிய கடைக்குத் திரும்ப வேண்டும், ஓவர்கிளாக் பேச்சே இல்லை. பிறகு கோரைத் தனியாக, மெமரியைத் தனியாக ஏற்றிச் சோதிப்பது. இரண்டையும் சேர்த்து ஏற்றினால் எது விழுந்தது என்று தெரியாது. விழுந்த இடத்தில் இருந்து ஒரு படி இறங்கி நிற்பது போதாது, இரண்டு மூன்று படி இறங்க வேண்டும். அதன் பிறகு ஒரு கனமான விளையாட்டு, ஒரு லேசான பழைய விளையாட்டு, வீடியோ பார்ப்பது, கம்ப்யூட்டரைத் தூங்கவைத்து எழுப்புவது என்று வாரம் முழுவதும் சாதாரண வாழ்க்கை. வேகம் மாறும் தருணங்களில்தான் பல கார்டுகள் தடுமாறும். ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் அறையின் வெப்பத்தை எழுதிவைக்க வேண்டும். ஜனவரியில் 25 டிகிரி அறையில் தேறிய எண்கள் ஏ.சி. இல்லாத மே மாதப் பகலுக்குப் பொருந்தாது. வார முடிவில் ஈவென்ட் வியூவரில் 4101 இருக்கிறதா என்று ஒரு பார்வை.

சென்னைக்கு ஏற்றது என்று நான் பலருக்கும் பரிந்துரைப்பது எதிர்த்திசை வழி, அண்டர்வோல்ட். அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டுவது. வோல்டேஜின் வர்க்கக் கணக்கு இப்போது நம் பக்கம்: பத்து சதவீதம் குறைத்தால் சிப்பின் செலவு 19 சதவீதம் குறையும். 300 வாட் கார்டு தினம் பத்து மணி நேரம் ஓடினால் 3 யூனிட். இரண்டு மாத பில்லில் 180 யூனிட். அதில் ஆறில் ஒரு பங்கு மிச்சமானாலும் கையில் தெரியும். சூடும் சத்தமும் குறையும், கத்திரியில் கார்டு 83ஐத் தொடாமல் நிற்கும், தொடாததால் வேகம் இறங்காமல் முன்னைவிட வேகமாகவே ஓடுவதும் உண்டு.

ஆனால் அண்டர்வோல்ட் பாதுகாப்பானது, அதற்குச் சோதனை தேவையில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். தவறு. வோல்டேஜை அப்படியே வைத்து வேகத்தை ஏற்றினாலும், வேகத்தை அப்படியே வைத்து வோல்டேஜைக் குறைத்தாலும் எடுத்துச் செலவழிப்பது அதே சேமிப்பைத்தான். கார்டு எரியும் ஆபத்து குறைவு என்பது உண்மை. விடை தவறும் ஆபத்து அப்படியே இருக்கிறது. பழைய கார்டு வாங்குகிறவர்களும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. 2022 செப்டம்பரில் எதீரியம் முறை மாறி மைனிங் நின்ற பிறகு சந்தைக்கு வந்த கார்டுகளில் பல அண்டர்வோல்ட் செய்து, மெமரியை மட்டும் ஏற்றி, இரவு பகலாக ஓட்டப்பட்டவை. அவற்றின் சிப் நன்றாகவே இருக்கக்கூடும். மெமரியும் அதன்மேல் உள்ள தெர்மல் பேடும்தான் சந்தேகத்துக்கு உரியவை. கடையில் ஃபர்மார்க் ஓட்டிக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு, மெமரிச் சோதனையை அரைமணி நேரம் ஓட்டிக் காட்டும்படி கேளுங்கள். மாற்றித்தர எத்தனை நாள் அவகாசம் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அந்த நாட்களுக்குள் உங்கள் கேபினெட்டில், உங்கள் அறையில், பகல் இரண்டு மணிக்கு அதை மறுபடி ஓட்டுங்கள்.